ஒலியைக் கேட்காமலே ஒலிக்கு விருதா?

71ஆவது தேசியத் திரைப்பட விருது விழா நடந்த 2025 செப்டம்பர் 23ஆம் தேதி இரவுச் செய்தியில், ஷாருக்கான் மேடையேறியதையும் மோகன்லால் தாதாசாகேப் பால்கே விருது பெற்றதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காட்டட்டும், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால், 'அனிமல்' படத்தின் ஒலி வடிவமைப்புக்காக விருது பெற்ற சச்சின் சுதாகரன், ஹரிஹரன் முரளிதரன் ஆகியோரின் பெயர்கள் திரையின் அடியில் ஓடும் வரியில்கூட வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

செய்திக்காரர்களை விடுங்கள், விருது கொடுப்பவர்களே ஒலிக்கலைஞர்களை இப்படித்தானே நடத்துகிறார்கள்! 2022 ஜூலையில் 68ஆவது விருதுகளை அறிவித்தபோது நடந்த கூத்தை என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை. படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாக ஒலியைப் பதிவு செய்யும் படங்களுக்கு மட்டுமே உரிய விருதைக் கன்னடப் படமான 'டொள்ளு'வுக்கு அறிவித்தார்கள். அதுவோ படப்பிடிப்புக்குப் பிறகு ஸ்டுடியோவில் குரல்களை டப்பிங் செய்த படம். இதைச் சொன்னவர் வெளியாள் அல்லர்; அந்தப் படத்துக்கே ஒலி வடிவமைத்த நிதின் லூகோஸ். ஆஸ்கர் வென்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் இந்தத் தவற்றை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்.

நேரடி ஒலிப்பதிவு என்பது எவ்வளவு பெரிய பாடு! மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜெனரேட்டரைத் தொலைவில் வைக்க வேண்டும், தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தால் நல்ல டேக் வீணாகும்; நீண்ட கழியில் பொருத்திய பூம் மைக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவரின் கை நடுங்கினாலும் அதன் நிழல் சட்டகத்துக்குள் விழக் கூடாது. இத்தனையையும் தாங்கிப் பதிவு செய்தவர்களின் படங்கள் போட்டிக்கு வந்திருக்க, தளத்தில் பதிவான குரலே இல்லாத ஒரு படத்தை நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அவர்கள் எதைக் கேட்டார்கள்? விண்ணப்பத்தைச் சரிபார்க்கக்கூட ஒருவர் இல்லையா? படக்குழுவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமே!

2018இலும் இதே அலட்சியம்தான். குடியரசுத் தலைவர் 11 விருதுகளை மட்டுமே தருவார், மற்றவற்றை அமைச்சர் தருவார் என்று விழாவுக்கு முந்தைய நாள்தான் வெற்றியாளர்களிடம் சொன்னார்கள். ஊர் ஊராக இருந்து குடும்பத்தோடு டெல்லிக்கு வந்து சேர்ந்தவர்களிடம் கடைசி நேரத்தில் சொல்லும் செய்தியா அது? ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு நியாயம் என்றே இன்றும் சொல்வேன்.