14,000 டொலருக்கு மிங்க் கோட் வாங்கலாமா?

என் மச்சாள் ஒருவர் போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்பு மிங்க் கோட், கணுக்கால் வரை நீளம். மிங்க் என்பது கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி, அதன் ரோமத்தோலில் தைத்த கோட். விலை 14,000 டொலர். ஒன்ராறியோ வரி 13 வீதம் சேர்த்தால் 15,820. "மகளின்ட கலியாணம் ஜனவரியில. வாழ்நாளில ஒருக்காத்தானே மச்சாள், எடுக்கட்டோ?" என்று கீழே எழுதியிருந்தார்.

என்னைக் கேட்டதற்குக் காரணம், ரொறன்ரோ வந்த புதிதில் ஸ்படைனா தெருப் பக்கம் ஒரு ஃபர் (ரோமத்தோல்) பட்டறையில் சில குளிர்காலங்கள் நான் லைனிங் தைத்தவள். அப்போது அந்தத் தெருவில் ஃபர்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுக்கோட் வேண்டாம். பழையது என்றால், பார்த்துப் பார்த்து வாங்கலாம். மச்சாளுக்கு இரண்டு வரியில் இதைத்தான் அனுப்பினேன். ஏன் என்று கேட்டு மூன்று பேர் தொலைபேசி எடுத்துவிட்டார்கள், அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த விலை ஏமாற்று விலை இல்லை. ஒரு முழு நீளக் கோட்டுக்கு 40 முதல் 60 மிங்க் தோல் போகும். நல்ல கோட்டுக்குப் பெண் மிங்கின் தோலைத்தான் எடுப்பார்கள். அது சிறியது, ஆனால் பாரம் குறைவு, மெத்தென்று இருக்கும். அந்தத் தோலை அப்படியே ஒட்டுப்போட்டால் கோட் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு தோலையும் சில மில்லிமீற்றர் அகலத்தில் சரிவாகக் கீற்றுக் கீற்றாக வெட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு கீற்றையும் கொஞ்சம் கீழே தள்ளி வைத்து மறுபடி தைப்பார்கள். குட்டையான அகலத் தோல் இப்படித்தான் ஒடுங்கி, தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரே வரியாக ஓடும். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மீன்முள் மாதிரி ஆயிரக்கணக்கான தையல்கள். ஈரப்படுத்தி, பலகையில் இழுத்து, ஆணி அடித்துக் காயவைத்த பிறகுதான் வெட்டு வடிவமே ஆரம்பிக்கும். எங்கள் பட்டறையில் இந்த வேலையைச் செய்தவர் ஒரு கிரேக்கக் கிழவர். அவருடைய ஊர் கஸ்தோரியா. அந்த ஊரே ஃபர் தைத்துப் பிழைத்த ஊர். அவர் வேலை செய்யும்போது யாரும் பக்கத்தில் நின்று கதைக்க மாட்டோம். கீற்று மாறினால் வரி கோணிவிடும், பிறகு முழுவதையும் பிரிக்க வேண்டும்.

ஆக, கைவேலைக்கு மரியாதை உண்டு. ஆனால் மச்சாள் கேட்ட கேள்வியில் ஒரு வார்த்தை ஒளிந்திருந்தது. தொலைபேசியில் அதை வெளியே விட்டார்: "காசு எங்க போகப்போகுது, சாமான் இருக்கும்தானே." நம்மவர்களுக்குப் பெரிய தொகை என்றால் மனம் தானாக நகைக்குப் போய்விடும். நகை வாங்கினால் பெட்டியில் கிடக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம், அழித்துச் செய்யலாம், கிராம் கணக்கில் எந்த நாளும் விற்கலாம். ஃபர் அப்படி இல்லை. கடையை விட்டு வெளியே வந்த அன்றே அதன் விலை விழுந்துவிடும். பழைய மிங்க் கோட்டுகள் இன்று சில நூறு டொலருக்கே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் கார் விலைக்கு வாங்கியவர்களின் பிள்ளைகள்தான் அவற்றை விற்கிறார்கள், பெரும்பாலும் அலுமாரியைக் காலி செய்யும் அவசரத்தில்.

இந்தச் சந்தை எப்படிச் சரிந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013 வாக்கில் சீனாவின் கிராக்கியால் மிங்க் தோல் விலை உச்சத்துக்குப் போனது. எல்லோரும் பண்ணையைப் பெருப்பித்தார்கள், அடுத்த ஒன்றிரண்டு வருடத்திலேயே விலை குப்புற விழுந்தது. ஹட்சன்ஸ் பே கம்பனியின் பழைய ஏலப் பிரிவிலிருந்து வந்த, ரொறன்ரோவில் இயங்கிய நோர்த் அமெரிக்கன் ஃபர் ஒக்சன்ஸ் என்ற ஏல நிறுவனம் 2019இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்கு வந்தது. 2020 நவம்பரில் டென்மார்க் அரசு, மிங்குகளிடையே உருமாறிய கொரோனா பரவியதால் நாட்டிலுள்ள அத்தனை மிங்கையும் அழிக்கச் சொன்னது. ஒன்றரைக் கோடிக்கு மேல். உத்தரவுக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று தெரியவந்து விவசாய அமைச்சர் பதவி விலகினார். உலகத்தின் மிகப் பெரிய ஃபர் ஏல நிறுவனமான கோப்பன்ஹேகன் ஃபர் கடையைக் கட்ட முடிவெடுத்தது. குச்சி (Gucci), பிராடா, பேர்பரி மாதிரிப் பெரிய உடுப்புக் கம்பனிகள் எல்லாம் அதற்கு முன்னரே ஃபரை விட்டுவிட்டன. நம்மூர் கனடா கூஸ்கூட, தொப்பி விளிம்பில் கயோட்டி (ஓநாய் இனப் பிராணி) ரோமம் வைத்தே பெயரெடுத்த கம்பனி, 2022 முடிவோடு ஃபர் வைத்துத் தைப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து புது ஃபர் விற்கவே முடியாது.

இதெல்லாம் மச்சாளின் கோட்டுக்கு என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. ஃபர் என்பது வாங்கிவிட்டு மறக்கிற சாமான் இல்லை. அடியில் இருப்பது தோல். கோடைக்கு அதைக் குளிர்க் களஞ்சியத்தில் வைக்க வேண்டும், 10 பாகை செல்சியஸ் அளவில், பாதி ஈரப்பதத்தில். வீட்டு அலுமாரியில் பிளாஸ்ரிக் உறையில் தொங்கவிட்டால் தோல் மூச்சுவிடாமல் வரண்டு போகும். பூச்சி உருண்டை போட்டால் மணம் சாகும்வரை போகாது. கழுவ சாதாரண ட்ரை கிளீனிங் ஆகாது. மரத்தூளில் மருந்து கலந்து பெரிய உருளையில் போட்டுச் சுழற்றுவார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். கோட் முப்பது வருடம் இருக்கும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். முப்பது வருடம் அதைப் பராமரிக்க ஆள் இருப்பாரா என்பதை அவர் சொல்வதில்லை.

சரி, குளிருக்கு? குளிருக்கு ஃபர் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. நீளமான மேல்ரோமம் பனியை உதறும், அடியில் அடர்ந்த மென்ரோமம் சூட்டைப் பிடித்து வைக்கும், தோல் காற்றை உள்ளே விடாது. ஆனால் நம் குளிர் என்ன குளிர்? வீட்டுக் கராஜிலிருந்து கார், காரிலிருந்து மண்டப வாசல். பஸ் தரிப்பில் அரை மணித்தியாலம் நிற்கிறவர்களுக்கு பறவைத் தூவி அடைத்த நல்ல ஜக்கெற் இதன் சின்னப் பங்கு விலையில் அதே வேலையைச் செய்யும், தோள்பையின் வார் உரசி ரோமம் தேயுமே என்ற பயமும் இல்லை. மிங்கில் அந்தப் பயம் உண்டு. கார் சீற் பெல்ற்றும் அப்படித்தான்.

கலியாணத்துக்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. காஞ்சிபுரம் கட்டி, அதற்கு மேல் கணுக்கால் வரை கறுப்புக் கோட் போட்டால் சேலையே தெரியாது. மண்டபத்துக்குள் போனதும் கழற்றி உடுப்புக் காப்பறையில் கொடுத்து ஒரு இலக்கச் சீட்டு வாங்குவீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது வாசலில் அந்த இரண்டு நிமிடம். 15,820 டொலருக்கு இரண்டு நிமிடம்! (மச்சாள் இதை வாசித்துக் கோபிப்பார். பரவாயில்லை.)

விலங்குப் பக்கத்தைத் தொடாமல் போக முடியாது. நான் ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவள், தோல் செருப்புப் போடுகிறவள், எனக்குப் பிரசங்கம் செய்யத் தகுதி இல்லை. ஆனாலும் மிங்க் தனியாகத் திரிகிற, தண்ணீரில் நீந்தி இரை பிடிக்கிற பிராணி. அதைக் கம்பிக் கூட்டில் அடைத்து வளர்த்து, வாயு விட்டுக் கொல்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மிங்க் பண்ணைகளையே தடை செய்துவிட்டது. வடக்கில் பொறி வைத்துப் பிடிக்கிற ஆதிக்குடிகளின் கதை வேறு. அவர்களுக்கு அது தலைமுறை வாழ்வு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் என்ற கடல்விலங்கின் பொருட்களைத் தடை செய்தபோது வடக்கின் இனுயிட் மக்களுக்கு விலக்குக் கொடுத்தும் அவர்களுடைய சந்தை படுத்துவிட்டது. அதையும் பண்ணை மிங்கையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. செயற்கை ஃபர்தான் புண்ணியம் என்றும் சொல்ல மாட்டேன், அது பெற்றோலியத்திலிருந்து வரும் அக்ரிலிக். சில வருடத்தில் சடைத்துப்போய்க் குப்பைக்குப் போகும்.

ஆசை விடவில்லை என்றால் பழையதைப் பாருங்கள். கோட் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எந்தக் கூட்டுக்கும் காசு போகாது. ஆனால் ஒன்று: 2024 ஜனவரியில் ரிக்ரொக்கில் 'மொப் வைஃப்' (மாஃபியாக்காரரின் மனைவி மாதிரிப் பெரிய ஃபர் கோட் போடுவது) பாணி கிளம்பியதிலிருந்து பழையதற்கும் விலை ஏற்றுகிறார்கள், அதனால் மினுக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தோலைப் பாருங்கள். நல்ல கோட்டுகளில் லைனிங்கைக் கீழ் விளிம்பில் தைக்காமல் விட்டிருப்பார்கள். அதைத் தூக்கி உட்தோலை இரண்டு விரலால் மெல்லக் கசக்குங்கள். துணி மாதிரி மடங்கினால் நல்லது. காய்ந்த ஓலை மாதிரிச் சரசரத்தால் எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். போட்டுக் கையைத் தூக்கும்போது கக்கத்தில் கிழியும், அதைத் தைக்கவும் முடியாது, ஊசி போன இடமெல்லாம் மறுபடி கிழியும். பிறகு ரோமத்தில் வாயால் ஊதிப் பாருங்கள். அடிரோமம் அடர்த்தியாக, ஒரே நிறமாக விரிய வேண்டும். கழுத்தோரம், கை விளிம்பு, பொக்கற் வாய், இந்த இடங்களில்தான் முதலில் தேயும். முகர்ந்தும் பாருங்கள், பூஞ்சண மணம் என்றால் அதற்குப் பரிகாரம் இல்லை.

தோல் நல்லதாக இருந்து வடிவம்தான் பழசு என்றால் கவலை வேண்டாம். எண்பதுகளின் பெரிய தோள்பட்டை வைத்த கோட்டுகளை இடுப்பளவு ஜக்கெற்றாக வெட்டித் தருவார்கள். இன்னும் சிலர் ரோமத்தை உள்ளே வைத்து, வெளியே சாதாரண மழைக்கோட் துணி போட்டுத் தைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவருக்குத் தெரியாது, போட்டிருப்பவருக்குச் சூடு. எனக்குப் பிடித்தது அதுதான். மச்சாளிடம் அதையும் சொன்னேன். "வெளியில தெரியாட்டி என்னத்துக்கு மச்சாள்?" என்றார்.