தக்காளி அடி கருத்தால் மருந்து அடிக்கணுமா?

வெயில் காலத்தில் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்தால் அது பரவும் பூஞ்சை நோய், உடனே பூஞ்சைக்கொல்லி அடிக்கணும்னு மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது நோய் இல்லைங்க. ஒட்டுவதும் இல்லை, மருந்துக்குக் கேட்பதும் இல்லை.

சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குள் போகும். நாலு நாள் காயவிட்டு அஞ்சாம் நாள் பாத்தி நிறையப் பாய்ச்சினால், இடையில் பெருக்கிற காயின் நுனிக்கு அந்தச் சத்து போய்ச் சேராது. அந்த இடம்தான் கருத்து அமுங்கும். மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தாலும் இதே கதைதான். யூரியாவை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம்.

நீங்களே பார்க்கலாம். கருப்பு காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த முனையில் மட்டும் இருக்கா? இலையும் தண்டும் சுத்தமா இருக்கா? அப்போ இதுதான். பூஞ்சை என்றால் புள்ளி காயில் எங்கே வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் இலையிலும் தெரியும்.

சந்தேகம் தீரலைன்னா இரண்டு செடிக்கு மருந்தே காட்டாமல், வேரடியில் வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பி, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி தண்ணி விட்டுப் பாருங்க. கருத்த காய் தேறாது, பறித்துப் போட்டுடுங்க. அதுக்கப்புறம் பிடிக்கிற பிஞ்சைக் கவனிங்க. பாலக்கோடு பக்கம் எங்க கொல்லையில் நான் இப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுவும் இரண்டு டப்பா மருந்தை வீணடிச்ச பிறகு.