மடிப்பு விழுந்த அட்டைகளுக்காக

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைப் பற்றி நம் காதுக்கு எட்டும் செய்திகள் பெரும்பாலும் ஏலத் தொகையைப் பற்றியவையே. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு விலைபோனபோது, என்னிடம் உள்ளவை என்ன விலை பெறும் என்றுதான் நண்பர்கள் பலரும் கேட்டார்கள். அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வியே அந்நியமானது. அட்டையின் குறையை மறைக்காமல் சொல்லும் வழக்கம் இருக்கும்வரைதான் இந்தச் சேகரிப்புக்கு உயிர் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

டி206 என்று நாங்கள் குறிப்பிடும் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வழங்கப்பட்ட இந்தச் சிறிய அட்டைகளின் முன்புறத்தில் ஆட்டக்காரரின் வண்ணப் படமும், பின்புறத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் போன்ற சிகரெட்டுகளின் விளம்பரமும் இருக்கும். தொகுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. சட்டைப் பையில் கசங்கி, சிறுவர்களின் கைகளில் புரண்டு, ஆல்பத்தில் ஒட்டப்பட்டுப் பின்னர் பிய்த்தெடுக்கப்பட்டு நூறாண்டைக் கடந்து வந்த ஓர் அட்டையின் முனைகள் மழுங்காமல் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டையைப் போன்ற, கைக்கு எட்டாத சில அட்டைகளை விட்டுவிட்டு, மற்றவற்றையாவது முழுமையாகத் திரட்ட முயல்பவருக்கு, மடிப்பு விழுந்த அட்டைதான் கைக்கு எட்டும் அட்டை. என்னிடம் இரண்டாக இருப்பது வேறொருவரின் தொகுதியில் விட்டுப்போயிருக்கும். அவருக்கு மிகையானது எனக்குத் தேவைப்படும். இருவரும் இல்லாதவற்றின் பட்டியலை அனுப்பிக்கொண்டு, மடிப்பு எங்கே, பசைத் தடம் எவ்வளவு, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் எழுதிவிட்டால் போதும், முகம் பாராதவர்கள்கூட அஞ்சலில் மாற்றிக்கொள்ளலாம்.

ஓரம் வெட்டுவதுதான் இவற்றுள் மிகக் கொடிய குறை. தேய்ந்த விளிம்பை நறுக்கிவிட்டால் பழைய அட்டை புதியதைப் போலத் தோன்றும். அட்டைகளுக்கு மதிப்பெண் இட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் 1991இல் முதன்முதலாக மதிப்பிட்ட அட்டை ஒரு டி206 வாக்னர். அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தைத் தாமே வெட்டியதாக ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மாற்றிக்கொள்வோரிடையே முதல் வரியிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டிய குறை, பிளாஸ்டிக் உறைக்குள் உயர்ந்த மதிப்பெண்ணோடு அத்தனை ஆண்டுகள் இருந்தது.

பெருந்தொகைக்கு வாங்குபவர் போலிகளுக்கு அஞ்சி மதிப்பீட்டை நாடுவதில் தவறில்லை. எங்கள் அட்டைகளையும் அந்த உறைக்குள் அடைத்து, எண்ணை மட்டும் பார்த்துப் பேரம் பேசுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். டி206 என்னும் பெயரையே தம் பட்டியலின் வழியாகத் தந்த அட்டைச் சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்து, மூட்டுவாதம் வருத்திய கைகளாலேயே அவற்றை ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963இல், அந்தப் பணி முடிந்த சில வாரங்களில், மறைந்தார். இன்றைய அளவுகோலின்படி பின்புறப் பசை மதிப்பைக் குறைக்கும் பழுது. அவருக்கோ எந்த அட்டை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதே பெரிதாக இருந்தது. அந்த வரிசையில் நிற்கவே நானும் விரும்புகிறேன்.

என்னிடம் பீட்மான்ட் பின்புறம் கொண்ட டி206 அட்டைகள் சில மிகையாக உள்ளன; அனைத்திலும் முனைகள் மழுங்கியிருக்கின்றன, ஒன்றில் நடுவே மடிப்பு உண்டு. கவ்டி நிறுவனம் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டைகள் எந்த நிலையில் இருந்தாலும், ஓரம் வெட்டப்படாதவையாக இருந்தால் மாற்றிக்கொள்ள விரும்புகிறேன்.