பூட்ஸ் என் காலில்தான் இருக்கிறது

அந்த 17 விநாடி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், நானும் இங்கே போடப்போவதில்லை. ஆலந்தூர் மெட்ரோ எஸ்கலேட்டரில் எனக்குப் பின்னால் நின்ற யாரோ என் முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுத்திருக்கிறார். ஓர் ஆண் ஹீல் வைத்த பூட்ஸ் போட்டிருக்கிறேன், அதுதான் அவர்களுக்கு வேடிக்கை. "முகமே வரலையே, யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்று மூன்று பேர் இன்பாக்ஸில் வந்து சமாதானம் சொன்னார்கள். எனக்குத் தெரியும் அல்லவா? கறுப்புத் தோல், மூன்றரை அங்குல ஹீல், வலது பூட்ஸில் ஜிப்புக்குக் கீழே ஒரு கீறல். அந்த ஜோடி என்னிடம் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. ஆயிரம் கால்களுக்கு நடுவில் வைத்தாலும் அடையாளம் சொல்வேன். என் மகளும் சொல்லிவிட்டாள். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். எனக்கு ஹீல் வைத்த பூட்ஸ் பிடிக்கும், அதனால் போடுகிறேன். இதற்குப் பின்னால் போராட்டம் எதுவும் இல்லை, பந்தயம் இல்லை, ரீல்ஸ் இல்லை. நிற்கும்போது முதுகு நிமிர்கிறது, தரையில் அந்தச் சத்தம் பிடிக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் இது நான்தான் என்று தோன்றுகிறது. பிடித்த நிறத்தில் சட்டை போடுகிறவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் ஏன்?

"குள்ளமா இருப்பான், அதான்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். உயரம் எனக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. ஐந்தடி இரண்டு அங்குலமாக இருந்தாலும் அது அவர் கவலைப்பட வேண்டிய விஷயம் கிடையாது.

இந்த ஜோடிக்காக நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. வீடியோ எடுத்தவருக்கு 17 விநாடியில் வேலை முடிந்தது. எனக்கு எப்படித் தொடங்கியது என்றால், தி.நகரில் ஒரு கடையில், பெண்கள் செருப்புப் பகுதியில். விற்பனைப் பெண், "வீட்ல மேடத்துக்கா சார், என்ன சைஸ்?" என்றார். "43" என்றேன். "லேடீஸ்ல 41-க்கு மேல வராது சார்" என்றார். நான், "தங்கச்சிக்கு, வெளிநாட்டுல இருக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. அன்றைக்கு அந்தப் பெண் என்னைக் கேலி செய்யவில்லை, முகம் சுளிக்கக்கூட இல்லை. பயந்தது நான்தான். 38 வயதில், ஒரு செருப்புக் கடையில், எனக்குத்தான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது.

41-க்கும் 43-க்கும் இரண்டு எண்தானே என்று தோன்றும். அந்த ஐரோப்பிய அளவுக் கணக்கில் ஓர் எண் என்பது ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர். இரண்டு எண் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே. பெருவிரலை மடக்கி வைத்துக்கொண்டு அரை நாள் நடந்து பாருங்கள், தெரியும். அகலம் இன்னும் மோசம். பெண்கள் பூட்ஸ் பெரும்பாலும் குதிகாலில் ஒடுங்கி, முன்னால் குறுகி வரும். என் பாதம் முன்னால் விசிறி மாதிரி விரிந்தது, அப்பாவின் பாதம். ஆண்கள் பகுதியில் தேடினால் ஒன்றரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. மிஞ்சிப்போனால் கியூபன் ஹீல் என்று இரண்டு அங்குலம். அதற்கு மேல் ஆணுக்குக் கால் இருக்காது என்று முடிவே செய்துவிட்டார்கள் போல.

இது எந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள். தோலுக்கென்றே 1948-லிருந்து அடையாறில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர். குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் ஒரு பேட்டைக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்த ஊர். ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் கடல் தாண்டி பூட்ஸ் போகிறது. இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு ஜோடி கிடைக்கவில்லை.

அவசரத்தில் ஒரு தப்பும் செய்தேன். ஆண்களுக்கான சாதாரண தட்டை பூட்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், தெருவோரம் செருப்பு தைக்கிற ஓர் அண்ணனிடம், இதில் மூன்று அங்குல ஹீல் ஒட்டிக் கொடுங்கள் என்றேன். "சரியா வராது சார்" என்று இரண்டு தரம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கிண்டி ஸ்டேஷன் படியில் இறங்கும்போது நடுப்பாதத்துக்குக் கீழே சோல் வளைந்து 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்ததால் விழவில்லை. வலது கணுக்கால் பத்து நாள் வீங்கியிருந்தது. ஆபீஸில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன். இன்னொரு பொய்.

அது ஏன் உடைந்தது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரியமேட்டில் இருக்கிற ஒரு பாய். பேர் போட மாட்டேன். இந்தக் கூட்டம் அவர் கடை வாசலுக்கும் போனைத் தூக்கிக்கொண்டு போகும். ஆறடிக்கு நாலடி கடை, ஒரு டியூப் லைட், தோலும் சொல்யூஷனும் கலந்த வாசனை. உடைந்த பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு?" நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி கதை வரவில்லை. "எனக்குத்தான் பாய்" என்றேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "காலைக் கழட்டி இந்தப் பேப்பர் மேல வைங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் இந்த விஷயத்தில் ஒருவர் என்னிடம் பேசிய முதல் மரியாதையான வாக்கியம் அது.

பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். ஹீல் தனியாக வருகிற சாமான் கிடையாது. எந்த உயரத்துக்கு ஹீலோ அந்த உயரத்துக்கு வளைந்த, பாத வடிவக் கட்டையில்தான் முழு பூட்ஸையும் இழுத்துத் தைப்பார்கள். உள்ளங்கால் வளைவுக்குக் கீழே, சோலுக்கு உள்ளே, எஃகுப் பட்டை ஒன்று ஒளிந்திருக்கும், அதுவும் அதே வளைவில் இருக்கும். தட்டை பூட்ஸில் உயர ஹீல் வைத்தால் அந்தப் பட்டை தாங்காது. உயர ஹீலை ரொம்ப வெட்டினாலும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். "அரை அங்குலம் குறைப்பேன், அதுக்கு மேல கை வைக்க மாட்டேன்" என்றார்.

கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த, அகலமான பாதத்துக்கென்று செய்த 43 அளவுப் பெண்கள் பூட்ஸ் ஒரு ஜோடி ஆன்லைனில் கிடைத்தது. நாலு அங்குலம், குச்சி ஹீல். பாய் அந்தக் குச்சியைக் கழற்றிவிட்டு கட்டை ஹீல் வைத்தார், அரை அங்குலம் குறைத்து. முன்பக்கத்தை இழுவைக் கட்டையில் மாட்டி மூன்று நாள் விட்டார். அகலம்தான் கூடும், நீளம் ஒரு நூல்கூட கூடாது, நீளம் சரியாக இருந்தால்தான் தொடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கெண்டைக்கால் இடித்த இடத்தில் ஜிப்புக்கு எதிர்ப்பக்கம் தையலைப் பிரித்து எலாஸ்டிக் துண்டு வைத்தார். அடியில் மெல்லிய ரப்பர் ஷீட், மெட்ரோ ஸ்டேஷன் கிரானைட்டில் வழுக்காமல் இருக்க.

எல்லாவற்றையும் விட உயிர் கொடுத்தது ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. ஹீல் போட்டால் உடம்பு எடை முன்பாதத்து உருண்டை எலும்புகளில்தான் வந்து உட்காரும். எல்லோரும் எலும்புக்கு நேர் கீழே பஞ்சு வைப்பார்கள், வலி இன்னும் கூடும். பாய் அந்த எலும்புக்கு ஒரு விரல்கடை பின்னால் வைத்தார். நடக்கச் சொன்னார். எடுத்து நூலளவு தள்ளி ஒட்டினார். மறுபடி நடக்கச் சொன்னார். ஐந்து தரம். ஐந்தாம் தரம் கடையிலிருந்து தெருமுனை டீக்கடை வரை போய்த் திரும்பினேன், எங்கே அழுத்துகிறது என்றே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. பாய் கவனித்திருப்பார், டீ சொன்னார்.

இப்போது ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "கால் கெட்டுப்போகும்" என்பது ஒன்றுதான் நியாயமான பேச்சு. நாள் முழுக்க, தினமும் போட்டால் கெண்டைக்கால் தசை இறுகும், முன்பாதம் வலிக்கும், கணுக்கால் மடங்கும் ஆபத்து உண்டு. எனக்குத் தெரியும், மடக்கிக்கொண்டவன் நான். வாரத்தில் இரண்டு நாள்தான் போடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கித் தசையை நீட்டுகிறேன். குச்சியைக் கழற்றிக் கட்டை ஹீல் போட்டதும் இதற்குத்தான். ஆனால் இந்த அக்கறை உங்கள் வீட்டுப் பெண்கள் கல்யாண ரிசப்ஷனில் நாலு மணி நேரம் ஹீல்ஸில் நின்றுவிட்டு, காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொள்ளும்போது எங்கே போயிருந்தது? அப்போது யாரும் எலும்பு டாக்டர் ஆகவில்லையே.

"நம்ம கலாச்சாரம்" என்கிறவர்களுக்கு என் அப்பாவின் படத்தைக் காட்ட வேண்டும். 1978, கல்யாணம் ஆன மறுமாதம், பெரம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பெல்பாட்டம் பேன்ட், அதற்குக் கீழே எட்டிப்பார்க்கிற ஷூவில் குறையாமல் இரண்டரை அங்குல ஹீல், முன்பக்கமும் தடிமன். அம்மா தட்டைச் செருப்பு. அன்றைக்கு அது ஸ்டைல். அதற்குச் சில வருஷம் முன்னால் சினிமாவில் ஜெய்சங்கர் கௌபாய் வேஷத்தில் ஹீல் பூட்ஸோடு குதிரை ஏறினார், கைதட்டினார்கள். தஞ்சாவூர் பக்கம் பொய்க்கால் குதிரை ஆடுகிற ஆண்கள் மரக்கால் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. உலகத்தை எடுத்துக்கொண்டாலும் ஹீல் முதலில் ஆணுடையதுதான். பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்தில், எழுந்து நின்று அம்பு விட, கால் நழுவாமல் இருக்க ஹீல் வைத்தார்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அரண்மனை ஆண்கள் போட்டார்கள். பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி 1701-ல் வரையப்பட்ட ஓவியத்தில் சிவப்பு ஹீலோடு நிற்கிறார். கனடாவில் டொரன்டோவில் இருக்கிற பாட்டா காலணி அருங்காட்சியகம் ஆண்கள் போட்ட ஹீலுக்கென்றே 2015-ல் ஒரு கண்காட்சி வைத்தது. கலாச்சாரம் என்று எழுதுகிறவர் தன் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒரு தரம் புரட்டிவிட்டு வரட்டும்.

ஆனால் இந்த வரலாறெல்லாம் நான் ஏன் சொல்ல வேண்டும்? ராஜா போட்டிருக்காவிட்டால் நான் போடக்கூடாதா? எனக்குப் பிடிக்கும், போடுகிறேன். அது போதும்.

"இவன் ஆம்பளையா" என்று எழுதியவர்களுக்கும், திருநங்கைகளைத் திட்டுகிற அந்த வார்த்தையைப் போட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு மனைவி இருக்கிறார், 14 வயதில் மகள் இருக்கிறாள். இதை எழுதும்போதே என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் இதைச் சொல்லி நான் தப்பிக்க வேண்டும்? நான் ஒரு திருநங்கையாக இருந்திருந்தால் பின்னால் நின்று காலைப் படம் எடுப்பது சரியாகிவிடுமா? தினம் தினம் அதைத் தாங்கிக்கொண்டு இதே ரயிலில் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு 17 விநாடியே இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

"கவனம் வேணாம்னா பப்ளிக்ல போடாதே" என்றவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. எஸ்கலேட்டர் எனக்கும்தான்.

என் மனைவி முதல் தரம் இந்த பூட்ஸோடு என்னைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் பேசவில்லை. சமையலறையில் பாத்திரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்து, "கால் வலிக்கலையாங்க?" என்றாள். பஞ்சுத் துண்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த வாரம் அவளுடைய செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்து, "பாய்கிட்ட இதுலயும் வைக்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள், போடுவதில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பின்னால் நின்று எடுக்கவில்லை.

இப்போது கடைசி விஷயம். வீடியோ எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். இதை எழுதவைத்தது அவர் இல்லை. நீ. பேர் சொல்ல மாட்டேன், படித்தால் உனக்குப் புரியும். 20 வருஷப் பழக்கம். நீ அந்த வீடியோவுக்குச் சிரிப்புப் போட்டு, நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் "யாருன்னு கண்டுபிடிங்க" என்று அனுப்பினாய். அது உன் வீட்டு போனிலிருந்து உன் பையனிடம் போய், அவன் வகுப்புக் குழுவுக்குப் போனது. என் மகளும் அந்த வகுப்புதான். திங்கள்கிழமை சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் வந்து நின்று போனை நீட்டி, "அப்பா, இது உன் பூட்ஸ்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லலப்பா" என்றாள்.

என் பூட்ஸ் ஒரு ரகசியம் என்று என் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் பூட்ஸை அலமாரிக்குள் ஒளித்து வைத்ததே இல்லை. வாசலில், அவள் பள்ளி ஷூவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே நாளில் அது மறைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

நேற்று இரவு அந்தக் குழுவில் பார்த்தேன், உன் மெசேஜை அழித்துவிட்டிருக்கிறாய். அழித்ததற்கான அடையாளம் மட்டும் இருக்கிறது. என் நம்பர் மாறவில்லை. சனிக்கிழமை காலை பெரியமேட்டில்தான் இருப்பேன், இடது ஹீல் ரப்பர் ஓரம் தேய்ந்துவிட்டது.