எட்டுப் பின் (pin) சாக்கெட் ஒன்றானால் எந்த வால்வும் பொருந்துமா?

“6எல்6, இஎல்34 என்ற வெற்றிடக் குழாய் வால்வுகள் இரண்டுக்கும் ஒரே எட்டுப் பின் சாக்கெட், கழற்றி மாட்டினால் போதும்” என்று கிதார் ஆம்ப்காரர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு. சாக்கெட்டில் உட்காரும், அவ்வளவுதான்.

6எல்6-இன் ஒரு வகையான 6எல்6ஜிசியின் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 6.3 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் இழுக்கும். இஎல்34 இழுப்பது 1.5. இரண்டு வால்வுக்குக் கூடுதல் 1.2 ஆம்பியர். அதைத் தாங்காத டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கருகும். இஎல்34-இன் முதல் பின் சப்ரஸர் கிரிட் என்னும் உள் வலைக்குரியது. அதை எட்டாம் பின்னோடு, அதாவது எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடோடு, இணைக்க வேண்டும். பழைய ஃபெண்டர் நிறுவன ஆம்ப் பலவற்றில் கிரிட் ரெசிஸ்டரே (சிக்னல் நுழையும் கிரிட்டுக்கான மின்தடை) முதல் பின்னில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கும். பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

வால்வு சும்மா இருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிப்பது பயஸ். கேத்தோடு பயஸ் ஆம்ப் அதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். நிலை பயஸ் (fixed bias) ஆம்பில், அதே வகை வால்வை மாற்றினாலும் பயஸை அளந்தே ஆகவேண்டும். இஎல்34-இன் பிளேட் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) தாங்கும் வரம்பு 25 வாட். பாதுகாப்பாக அதில் 70 சதவீதம் வைத்தால் 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் வால்வுக்குச் சுமார் 39 மில்லியாம்பியர். 25 வாட் வரம்பையே வெகுவாகத் தாண்டினால் பிளேட் சிவந்து ஒளிரும், உடனே அணையுங்கள்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை இயக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடித்து, மீட்டரில் உறுதிசெய்யத் தெரியாதவர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.