இளநிலை மாணவர் கையில் கருவியைக் கொடுங்கள்

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் இளநிலை மாணவர்கள் ஆறாம் பருவத்தில் சமர்ப்பிக்கும் புராஜெக்ட் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஏதோ ஒரு மூலிகையின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் சாறெடுத்து, வெளியூரில் உள்ள தனியார் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பி, பணம் கட்டிப் பெற்ற ஜிசி-எம்எஸ் (சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் சோதனை) அறிக்கையை அப்படியே ஒட்டியிருப்பார்கள். இதை ஆராய்ச்சி என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. கல்லூரியிலேயே இருக்கும் எளிய கருவிகளை, மாணவர் தாமே எழுப்பிய ஒரு கேள்விக்காக, அவரே இயக்க விடவேண்டும்.

அந்த அறிக்கைகளில் செடி எதுவானாலும் ஹெக்ஸாடெகனாயிக் அமிலம் தவறாமல் இடம்பெறும். அது பால்மிடிக் அமிலம்தான். ஏறக்குறைய எல்லாத் தாவரங்களிலும் உள்ள கொழுப்பு அமிலம். அதைவிட வேடிக்கை, சில பட்டியல்களில் தாலேட் சேர்மங்கள் தென்படுவது. பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்குவதற்குச் சேர்க்கப்படும் பொருள் அது; சாறு வைத்திருந்த குப்பியிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. மாணவரோ அதற்கும் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் உண்டென்று இணையத்தில் தேடிப்பிடித்து ஒரு பத்தி எழுதியிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் மெத்தனாலை அதே வகைக் குப்பியில் ஊற்றி அதையும் அனுப்பியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மாதிரிக்கே வீட்டில் பணம் புரட்டிக்கொண்டிருப்பவர் எதுவும் கலக்காத மெத்தனாலுக்கும் கட்டணம் செலுத்துவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

இதற்கு மாறாக நான் அருகிருந்து பார்த்த வேலை ஒன்று உண்டு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தச் சீமையில் ஊரணிகள்தாம் நீருக்கு ஆதாரமாக இருந்தவை. குடிநீருக்கென்று காக்கப்படும் ஊரணியிலும், குளிக்கவும் துவைக்கவும் பயன்படும் ஊரணியிலும் பாசியின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று அறிய விரும்பினார் இரண்டாமாண்டு மாணவி ஒருவர். நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கிய பாசியை 80 விழுக்காடு அசிட்டோனில் ஊறவைத்துப் பச்சையத்தை அளப்பது அவருடைய திட்டம். 663, 645 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலைப் பார்த்துப் பச்சையம் ஏ, பி இரண்டையும் கணக்கிடும் இந்த முறை 1949இல் ஆர்னான் வெளியிட்டது. ரெக்கார்டு நோட்டில் அதற்கு அரைப்பக்கம்கூட ஆகாது. செய்யத் தொடங்கியபோதுதான் அந்த அரைப்பக்கத்தில் எழுதாமல் விட்டவை எல்லாம் வெளிவந்தன. அசிட்டோன் பட்டுப் பிளாஸ்டிக் குவெட் (அளக்க வேண்டிய சாற்றை ஊற்றும் சிறு குப்பி) மங்கிப்போனதால் கண்ணாடிக் குவெட்டுக்கு மாறினார். வெளிச்சத்தில் வைத்த சாறு நிறம் இழப்பதைக் கண்டு சோதனைக் குழாய்களை அலுமினியத் தாளால் சுற்றினார். குளிக்கும் ஊரணியின் சாறு ஒளி உறிஞ்சலில் 2க்கு மேல் ரீடிங் காட்டியபோது, விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மறுபக்கம் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள் என்றும், அத்தகைய எண்ணை நம்பக்கூடாது என்றும் உணர்ந்து, அதே அசிட்டோனைச் சேர்த்துச் செறிவைக் குறைத்து மீண்டும் அளந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது, நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரோடு அவர் நடத்திய வழக்கு. ஒரே ஊரணியில் காலையில் எடுத்த நீரும் பிற்பகலில் எடுத்த நீரும் வெவ்வேறு பிஎச் காட்டின. பிற்பகல் நீரில் கூடுதல். கருவி கெட்டுவிட்டதென்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த மாணவி பிஎச் 4, 7, 9.2 என்று முன்பே மதிப்புத் தெரிந்த பஃபர் கரைசல்களைப் புதிதாகத் தயாரித்துச் சரிபார்த்தார். கருவியில் குறையேதும் இல்லை. நீர்தான் மாறியிருந்தது. பகலெல்லாம் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பிஎச் ஏறுகிறது. இரவில் உயிர்கள் சுவாசித்து அந்த வாயு மீண்டும் சேரும்போது இறங்குகிறது. பாடநூலில் உள்ள செய்திதான். ஆனால் முதலில் கருவியைச் சந்தேகித்து, சோதித்து நம்பி, அதன்பின் ஊரணியிடம் காரணம் தேடிய அந்த வரிசையை அவர் எந்தப் பாடநூலிலிருந்தும் பெறவில்லை.

கருவிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய ஸ்டார் கல்லூரித் திட்டம் போன்றவற்றால் இளநிலைக் கல்லூரிகள் பலவற்றுக்கு நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. நான் அறிந்த கல்லூரி ஒன்றில் ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆண்டு முழுவதும் உறைக்குள் இருக்கும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் மட்டும் உறை கழலும். இதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சம். கருவி பழுதானால் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் தொடாத கருவி பழுதாவதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட பாதுகாப்பு. அந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், சிறு சேதங்களுக்கென்று துறை ஒரு தொகையை ஒதுக்கினால் பாதிப் பூட்டுகள் தாமே திறந்துவிடும்.

படிப்படியாகப் பொறுப்பைக் கைமாற்றுவது இந்த ஊர்களுக்குப் புதிதன்று. கொண்டுவிற்கப் பர்மா போனவர்களின், அதாவது அங்கே தொழில் செய்யப் போனவர்களின், கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவர் அடுத்த படியில் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகிக் கடையையே நடத்தினார். முதல் நாளே யாரும் அவரிடம் சாவியை நீட்டவில்லை. கடைசிவரை மறைத்து வைக்கவும் இல்லை. ஆய்வகத்திலும் முதலாண்டில் நுண்ணோக்கியும் தராசும், அடுத்து பிஎச் மீட்டர், அதன்பின் ஸ்பெக்ட்ரோ என்று கையொப்பமிட்டுக் கொடுத்துவரலாம். அதேவேளை, ஆசிரியர் விலகி நிற்கக்கூடாத இடங்களும் உண்டு. 121 பாகை வெப்பத்தில் அழுத்தத்தோடு இயங்கும் கிருமிநீக்கக் கருவியான ஆட்டோகிளேவை இளநிலை மாணவர் தனியே கையாளக்கூடாது. ஊரணி நீரைத் தடவி வளர்த்த தட்டில் எந்தக் கிருமி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது; அதை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமிநீக்கம் செய்யாமல் குப்பையில் போடக்கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டு இளநிலைக் கட்டமைப்பு, முதல் ஆறு பருவங்களில் குறைந்தது 75 விழுக்காடு பெற்றவர்களுக்கே ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் பட்டம் என்கிறது. அந்தக் கட்டமைப்பைப் பற்றிய அரசியலுக்குள் நான் போகவில்லை. மதிப்பெண்ணை ஆய்வகத்தின் வாயிற்காவலாக நிறுத்தும் எண்ணத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மனப்பாடத் தேர்வில் வெல்பவரும் பொறுமையாக மூன்று முறை அளந்து பார்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே அமைந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953இல் திறக்கப்பட்டது. அதன் வாயிலைப் பேருந்தில் கடந்துதான் நம் பிள்ளைகள் பலர் கல்லூரிக்கு வருகிறார்கள். பெரிய கருவிகளுக்காக அத்தகைய இடங்களை நாடலாம், நாடவும் வேண்டும். ஆனால் தம் கல்லூரியின் பிஎச் மீட்டரையே தொட்டிராத ஒருவர் அங்கே போனால், எந்திரத்துக்கு அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு மேல் என்ன செய்ய இயலும்?

வரும் பருவத்திலிருந்து வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர்கள் அறிக்கையை மூடிவைத்துவிட்டு, மாணவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு மாதிரியை அளந்து காட்டச் சொல்ல வேண்டும் என்றும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பிளாங்காக (மாதிரி கலக்காத வெறும் கரைசலாக) எதை வைத்தார், ஏன் வைத்தார் என்று கேட்க வேண்டும் என்றும் துறைக் கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். சனிக்கிழமை முற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, அதற்கு ஈடாக உதவியாளருக்கு வேறொரு நாள் விடுப்பு அளிக்க வேண்டும் என்பதும் அதில் சேரும். மாலைப் பேருந்தைத் தவறவிட முடியாத கிராமத்து மாணவிகளுக்கு வேறு நேரம் வாய்க்காது. எதிர்ப்பு வரத்தான் செய்யும். அது மாணவர்களிடமிருந்து வராது, சனிக்கிழமை வரவேண்டியிருக்கும் எங்களிடமிருந்தே வரும்.