நான்காம் பாகம் வரை பொறுக்கச் சொல்லாதீர்கள்

(கதையின் முடிவு வரை இங்கே பேசியிருக்கிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' என்னும் மாயப்புனைவு நாவல் தொடரை நேசிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. என்னிடமும் அது பல ஆண்டுகள் இருந்தது. 1990 ஜனவரியில் வெளிவந்த முதல் நாவலான 'தி ஐ ஆஃப் த வேர்ல்ட்' நூலைப் பாதியில் மூடி வைத்துவிட்டதாக யாராவது சொன்னால், "நான்காம் பாகம் வரை பொறுத்துப் படியுங்கள், அதன் பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்" என்று சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவோம். சென்ற ஆண்டு தோழி ஒருவரிடம் இதையே சொன்னபோது, "நான்காம் பாகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக முதல் பாகத்துக்கு நான் ஏன் 800 பக்கம் தண்டம் கட்ட வேண்டும்?" என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே புத்தகத்தை எடுத்து, பின்னால் வரப்போகும் எதையும் துணைக்கு அழைக்காமல், இதுதான் கதை, இவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். இந்த நாவலுக்காக நாங்கள் வாங்கிவந்த வக்காலத்துதான் அதற்கு நேர்ந்த பெரிய அநியாயம் என்று முடித்தபோது தோன்றியது.

வாசகர்கள் சொல்லும் குறைகளில் முதலாவது, இது 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் நகல் என்பது. சாயல் இருக்கிறது, மறுப்பதில் பொருளில்லை. உலகம் மறந்துபோன ஒரு மூலையில் ஒரு கிராமம், எங்கிருந்தோ வந்து சேரும் மந்திரசக்தி கொண்ட ஒருவர், கறுப்பு அங்கி அணிந்த குதிரைவீரன், இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடும் இளைஞர்கள், ஆற்றைக் கடக்க ஒரு பரிசல்துறை என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. தொடக்க அத்தியாயங்களில் டோல்கீனின் வாசம் வரவேண்டும் என்றே எழுதியதாகவும், தெரிந்த இடத்தில் வாசகரை உட்காரவைத்துவிட்டுத் தெரியாத இடத்துக்கு அழைத்துப்போக விரும்பியதாகவும் ஜோர்டனே சொல்லியிருக்கிறார். ஆனால் ஆசிரியர் சொன்ன காரணத்தைக் கொண்டு நூலைக் காப்பாற்றுவதும் ஒருவகையில் நான்காம் பாகத்தைக் காட்டுவது போலத்தான். ஆகவே கதைக்குள்ளேயே பார்ப்போம்.

கிராமத்தின் மீது ட்ராலக் என்னும் மிருகமுகப் படை பாய்ந்த இரவில், காயம்பட்டவர்களைத் தன் சக்தியால் குணப்படுத்துகிறவள் மொரெய்ன். அவள் ஐஸ் செடாய், அதாவது ஊரார் அஞ்சும் மந்திரசக்திப் பெண்களில் ஒருத்தி, என்று தெரிந்ததும், மறுநாள் இரவே அவளை விரட்டுவதற்காகத் தீப்பந்தங்களோடு ஒரு கூட்டம் சத்திரத்தின் முன் வந்து நிற்கிறது. டோல்கீனின் மந்திரக் கிழவரை வாசகர் எந்தத் தயக்கமும் இல்லாமல் நம்பலாம். இவளை அப்படி நம்ப முடியாது. உண்மையல்லாத ஒரு சொல்லையும் பேசமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தவள் என்பதால் அவள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த உண்மையைச் சொல்லாமல் விட்டாள் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தேடவேண்டியிருக்கிறது. இதற்கும் மேலாக, இந்த உலகில் மந்திரசக்தியின் ஆண்பாதி நஞ்சேறிப் போயிருப்பதால், அதைக் கையாளும் ஆண் எவனும் ஒருநாள் பித்துப்பிடித்துத் தன்னைச் சார்ந்தவர்களையே அழித்துவிடுவான். தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகனாக இருப்பது இங்கே ஒரு நோய் கண்டுபிடிக்கப்படுவதைப் போன்றது. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது குறை, மெதுவாக நகர்கிறது என்பது. முதல் நான்கு அத்தியாயங்களைப் பொறுத்தவரை இது நியாயமானதே. வசந்தவிழா ஏற்பாடு, கூடை நிறையச் செய்தியோடு வரும் வணிகன், ஊருக்கு வந்திருக்கும் பாணன் என்று ஆசிரியர் அவசரமில்லாமல் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். இரண்டாம் முறை படித்தபோது நானும் சில பக்கங்களைத் தாண்டிப்போனேன். ஆனால் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களுக்கு வந்தவர்கள் அதே குறையைச் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. பண்ணைவீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு ட்ராலக்குகள் நுழைகின்றன. டாம் வாள்வெட்டுப்பட்டுக் காய்ச்சலில் விழுகிறார். கதையின் நாயகனான அவர் மகன் ராண்ட், தந்தையைக் கிடத்த ஒரு தூக்குப்படுக்கையைக் கட்டி, இருட்டில் காட்டு வழியாக ஊரை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறான். சாலையில் ஏறினால் விரைவாகப் போகலாம். ஆனால் சாலையில் அந்தக் கறுப்புக் குதிரைவீரன் போகிறான். மரங்களுக்கிடையில் மூச்சடக்கிப் படுத்திருக்கும்போது, தந்தையின் முனகல் அவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற பதைப்பு. அந்த முனகலில்தான், பழைய போர் ஒன்றைப் பற்றிப் பிதற்றிக்கொண்டே வந்த டாம், மலைச்சரிவில் பனிக்கு நடுவே ஒரு குழந்தையைக் கண்டெடுத்ததைச் சொல்கிறார். தன்னைப் பெற்றவர் இவரில்லையோ என்ற கேள்வி முளைத்த பிறகும் மகனின் கைகள் படுக்கையை விடுவதில்லை. விடியும்வரை இழுத்துக்கொண்டே போகிறான். எந்த மந்திரமும் இல்லாத இந்தச் சில பக்கங்களுக்காகவே இந்த நாவலை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன்.

இங்கே என் பிரதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, செங்கல் போன்ற பருமன் கொண்ட அந்தப் புத்தகம் முதல் வாசிப்பிலேயே முதுகு ஒடிந்து நான்கு கட்டுகளாகப் பிரிந்துவிட்டது. பக்கங்களைச் சொருகிச் சொருகிப் படித்துக்கொண்டிருந்த நான், 31-ஆம் அத்தியாயத்துக்கு வந்தபோது கதை முன்னுக்குப் பின்னாக ஓடுவதைக் கண்டு, கட்டுகளை மாற்றி வைத்துவிட்டேன் என்றே முடிவுசெய்து பக்க எண்களைச் சரிபார்த்தேன். எண்கள் சரியாகவே இருந்தன. ராண்டும் அவன் நண்பன் மாட்டும் கேம்லின் நகரை நோக்கி நடக்கும் அந்த மூன்று அத்தியாயங்களில், ஜோர்டன் நடந்து முடிந்த ஒன்றின் நடுவில் தொடங்கி, அதற்கு முன் நடந்ததற்குத் தாவி, மறுபடி திரும்புகிறார். எங்கே தாவினார் என்பதற்குப் போதிய அடையாளம் வைப்பதில்லை. இதைப் பற்றி எரிச்சலோடு எழுதும் வாசகர்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் குழப்பத்தைத் தாண்டிவிட்டால், புல்லாங்குழல் வாசித்தும் பந்துகளை வீசிப் பிடித்தும் ஒருவேளைச் சோற்றுக்கும் படுக்கைக்கும் சத்திரம் சத்திரமாகப் போகும் இரண்டு பையன்களின் பயம் அப்படியே தொற்றிக்கொள்கிறது. சோறு போடுகிறவன் காட்டிக்கொடுப்பவனாக இருக்கலாம். அதைவிட, சபிக்கப்பட்ட நகரில் திருடிய கத்தியை மார்போடு வைத்திருக்கும் மாட், கூடவே வரும் நண்பனையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குகிறான்.

ராண்டோடு ஊரைவிட்டு வந்து வழியில் பிரிந்துபோன நண்பன் பெரினின் பகுதியைப் பெரும்பாலோர் சுவையற்றது என்று ஒதுக்குகிறார்கள். அண்டங்காக்கைக் கூட்டம் துரத்தி வரும் அத்தியாயத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். கூட்டம் தங்களைப் பிடித்துவிட்டால், தன்னோடு வரும் ஊர்த்தோழி எக்வெய்ன் கொத்துப்பட்டுச் சாவதற்கு முன் தன் கோடரியாலேயே அவளுக்குச் சாவைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெரின் மனத்துக்குள் முடிவெடுத்துவிடுகிறான். பிழைத்த பிறகு அந்த எண்ணமே அவனை வதைக்கிறது. கோடரியைத் தூக்கி எறியப் போகிறவனிடம், காட்டில் அவர்களுக்குத் துணையாக வரும் எல்யாஸ், அதை வெறுத்துக்கொண்டிருக்கும்வரை வைத்துக்கொள், வெறுப்பு நின்றுபோகும் நாளில் எறிந்துவிடு என்ற பொருளில் சொல்கிறான். ஜோர்டன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி ஏந்திப் பறந்தவர் என்பதை அறிந்து படிக்கும்போது இந்த இடம் இன்னும் கனக்கிறது.

பெண்கள் எப்போதும் சிடுசிடுக்கிறார்கள், கிராமத்து வைத்தியப் பெண் நைனீவ் ஓயாமல் தன் பின்னலை இழுக்கிறாள் என்னும் குறை உண்மையில் பிந்தைய பாகங்களுக்குரியது. இந்த நாவலில் நைனீவ், பெயர்பெற்ற போர்வீரன் மறைத்துச் சென்ற தடத்தைத் தனியாளாகப் பின்தொடர்ந்து வந்து அவனையே வியக்கவைக்கிறாள். பின்பாகங்களின் புகழை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது தவறு என்றால், அவற்றின் பழியைச் சேர்ப்பதும் தவறுதான்.

காலச்சக்கரம், யுகங்களின் சுழற்சி, மறுபிறப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நம்முடையதுதானே என்று நம்மவர்கள் பெருமைப்படுவதும் உண்டு. ஜோர்டன் இந்து மரபின் காலக் கருத்தை எடுத்தாண்டிருக்கிறார் என்பது சரி. ஆனால் நமக்குப் பழகிய நான்கு யுகங்களில் அறம் படிப்படியாகத் தேய்ந்து வருகிறது. அவருடைய சக்கரத்திலோ ஏழு யுகங்கள், அவற்றுக்கு ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை. நினைவு புராணமாகி, புராணமும் மறந்துபோன பிறகு அதே யுகம் மீண்டும் வருகிறது என்பதே அவருடைய கற்பனை. முன்னுரைக் காட்சியில், இடிந்த மாளிகைக்குள் தன் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே திரிகிறான் ஒரு பித்தன்; அவளைக் கொன்றவனே தான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. எதிரி வந்து அவன் பித்தைத் தெளியவைக்கிறான். அதைவிடக் கொடிய பழிவாங்கலை நான் கதைகளில் அதிகம் கண்டதில்லை.

உண்மையான குறை முடிவில்தான் இருக்கிறது. தொடரின் ரசிகர்கள் அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். ஐம்பது அத்தியாயங்கள் ஒவ்வொரு பயத்துக்கும் முன்கூட்டியே வித்திட்டு வந்த எழுத்தாளர் இவர். பேர்லான் என்னும் ஊரின் சத்திரத்தில் ராண்ட் கனவில் ஓர் எலியின் முதுகு ஒடிவதைக் காண்கிறான். விழித்த பிறகு, சத்திரத்தில் எலிகள் முதுகொடிந்து செத்துக்கிடந்த செய்தி வருகிறது. அவ்வளவு நிதானமாகப் பயமுறுத்தத் தெரிந்தவர், 'உலகின் கண்' என்னும் அந்தக் குளத்தருகே வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் அவசரமாகக் கொட்டுகிறார். நூல் முழுக்கப் பெயராக மட்டுமே வந்துபோன இரண்டு எதிரிகள் திடீரென்று முன்னால் வந்து நின்று, சில பக்கங்களிலேயே மடிந்துபோகிறார்கள். ராண்ட் கண்மூடித் திறப்பதற்குள் தொலைவில் இருக்கும் போர்க்களத்தில் நின்று ஒரு படையையே அழிக்கிறான். அங்கிருந்து கனவா நனவா என்று தெரியாத இடத்தில் தலைமை எதிரியைச் சந்திக்கிறான். நடுவே பெரிய எழுத்துகளில் ஒரு குரல் பேசுகிறது. யார் பேசியது, எப்படிப் போனான், என்ன விலை கொடுத்தான் என்பவற்றில் எதுவும் அந்தப் பக்கங்களில் கைக்கு அகப்படுவதில்லை. இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் விளக்கம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். 14 பாகங்கள் கொண்ட தொடர், 2007-இல் ஜோர்டன் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் அவருடைய குறிப்புகளைக் கொண்டு 2013-இல் முடித்துவைத்தது. அவ்வளவையும் படித்தவன் நான். ஆனால் 1990-இல் இந்த ஒரு நூலை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு, தந்தையைக் காட்டில் இழுத்துச்சென்ற பையனின் கதை இப்படி வெளிச்சமும் இரைச்சலுமாக முடிந்தபோது ஏமாற்றம் வந்திருந்தால், அது அவருடைய பொறுமையின்மை அல்ல.

2021-இல் தொடங்கி மூன்று பருவங்களோடு 2025-இல் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: திரையில் பெரின் தவறுதலாகத் தன் கையாலேயே கொன்றுவிடும் மனைவி இந்த நாவலில் கிடையாது. அந்தச் சோகத்தைத் தேடவேண்டாம்.

தோழியிடம் புத்தகத்தை மறுபடியும் கொடுத்திருக்கிறேன். இந்தமுறை நான்காம் பாகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளமாகச் செருகி, பின்னட்டையை ஒட்டி உச்சரிப்புப் பட்டியல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். முதல் வாசிப்பில் அது இருப்பதே தெரியாமல் எக்வெய்னைக் கடைசிவரை 'எக்வீன்' என்றே படித்து முடித்தவன் நான். காட்டில் படுக்கையை இழுத்துப்போகும் பகுதி முடிந்ததும் இரவு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "டாம் பிழைப்பாரா, அதை மட்டும் சொல்லுங்கள்." நான் சொல்லவில்லை.